அம்மாவுக்கு கண் பிரஷருக்கு நாலு பாட்டில் சொட்டு மருந்து, இத்தனையும் வேணுமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 67. குளுக்கோமா (கண் பிரஷரால பார்வை நரம்பு கெடுற நோய்) ஆரம்பம்னு சொல்லி சில வருஷமா டிராப்ஸ் போட்டுட்டு இருக்காங்க. ஊர்ல தங்கச்சி வீட்ல இருந்தவரைக்கும் ஒரே பாட்டில்தான், ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு சொட்டு. எங்ககூட வந்தப்புறம் வேற ஆஸ்பத்திரில காட்டுனோம், பிரஷர் 22 இருக்குன்னு இன்னொரு பாட்டில் சேர்த்தாங்க. அப்புறம் கண்ணு உறுத்துதுன்னு வீட்டுப் பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டப்போக, அங்க 20 இருக்கு இன்னும் குறையணும்னு சொல்லி மூணாவது ஒண்ணு, உறுத்தலுக்குன்னு நாலாவதா ஒண்ணு. எங்கயுமே எதையும் நிறுத்தச் சொல்லல, முன்னாடி என்ன போடுறீங்கன்னுகூட சரியா கேக்கல, சீட்டுல ஒரு வரி கூடிக்கிட்டே போகுது.

நேத்து ராத்திரி பக்கத்துல உக்காந்து பாத்தேன். டிவி பாத்துக்கிட்டே தலையை லேசா அண்ணாந்து மூணு பாட்டிலையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா விட்டாங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகல. பாதி கன்னத்துல வழிஞ்சுது, முந்தானையில துடைச்சுக்கிட்டாங்க. கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு, இமை தடிச்சுப் போச்சு, கண்ணுக்குக் கீழ தோல் கருத்துப் போயிருக்கு. கேட்டா "டாக்டர் குடுத்தது, போட்டுத்தானே ஆகணும்"ங்கறாங்க. கொஞ்ச நாளா தலை சுத்துதுன்னும் சொல்றாங்க, மாடிப்படி ஏறினா களைச்சுப் போறாங்க. வயசாச்சுல்ல, அதனாலன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்.

பார்வை போயிடுமோன்னு பயமாவும் இருக்கு, இவ்வளவு மருந்து தேவையான்னு கோவமாவும் இருக்கு. யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மலைக்கோட்டை:
மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், தயவுசெஞ்சு நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. எங்கப்பா அப்படி நிறுத்தித்தான் ஒரு கண்ணு போச்சு. விவரமா பின்னாடி எழுதுறேன்.

மெடிக்கல்ஸ்_அண்ணாச்சி:
தம்பி, பாட்டில் மேல பெருசா போட்டிருக்கிற பேரை விடுங்க, அது கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதுக்குக் கீழ பொடி எழுத்துல மருந்தோட பேரு இருக்கும், அதை ஒண்ணொண்ணா இங்க போடுங்க. அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, பிபி சுகர் இருக்கா, அதையும் சொல்லுங்க. வீசிங் உண்டா?

வைகைக்கரை:
லென்ஸ் வச்சுத்தான் படிக்க முடிஞ்சுது அண்ணாச்சி. முதல் பாட்டில் லேட்டனோபிராஸ்ட். ரெண்டாவதுல பிரிமோனிடின், டிமோலால்னு ரெண்டு பேரு இருக்கு. மூணாவதுல டார்சோலமைடு, டிமோலால். நாலாவது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்னு என்னமோ. பிபிக்கு அட்டனலால் 50 காலையில ஒண்ணு. வீசிங் இல்ல, சுகர் பார்டர்.

மெடிக்கல்ஸ்_அண்ணாச்சி:
நினைச்சது சரியாப் போச்சு. ரெண்டாவதுலயும் டிமோலால், மூணாவதுலயும் டிமோலால். ஒரே மருந்து ரெண்டு பேர்ல போயிட்டு இருக்கு. போதாததுக்கு அட்டனலாலும் அதே சாதி மருந்துதான், பீட்டா பிளாக்கர்னு சொல்லுவாங்க, நாடித்துடிப்பை இறக்கும். அம்மாவுக்கு பல்ஸ் எவ்வளவுன்னு பிபி மெஷின்ல உடனே பாருங்க.

எங்க கடைக்கு வர்ற சீட்டுல இது நிறைய பாத்திருக்கேன். ஒரு டாக்டர் எழுதுனது ஒரு காம்பினேஷன், இன்னொரு டாக்டர் எழுதுனது இன்னொரு காம்பினேஷன், பேரு வேற வேற, அட்டை கலர் வேற வேற, வாங்குறவங்களுக்கு எப்படித் தெரியும். கடையில நிக்கிற பையனும் சீட்டுல இருக்குறதை எடுத்துக் குடுத்துடுவான். நான் பாத்தா ஃபோன் போட்டு டாக்டரையே கேட்டுடுவேன், சில பேரு கோவிச்சுக்கிடுவாங்க, பரவால்லன்னு கேப்பேன்.

வைகைக்கரை:
இப்பதான் பாத்தேன். பிபி 110/70, பல்ஸ் 48. திரும்பவும் பாத்தேன், 47. இது ரொம்ப கம்மியா?

கண்_பிஜி:
நான் கண் மருத்துவம் மேல்படிப்பு படிக்கிறேன். தலைசுத்தல், களைப்போட 48ங்கறது கம்மிதான், விடியட்டும்னு காத்திருக்க வேணாம், இப்பவே பக்கத்துல எமர்ஜென்சி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. நாலு பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க, "ரெண்டு டிராப்ஸ்லயும் டிமோலால் இருக்கு, கூட அட்டனலாலும் சாப்பிடுறாங்க"ன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. டிமோலாலை என்ன பண்றதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. அட்டனலாலை திடீர்னு நீங்களா நிறுத்தக்கூடாது.

கண்ணுல விடுற சொட்டு உடம்புக்குள்ள எப்படிப் போகும்னு நிறைய பேர் கேப்பாங்க. கண்ணோட உள்மூலையில சின்ன ஓட்டை இருக்கு, அழுதா மூக்குல தண்ணி வருதே அது அந்த வழிதான். மருந்தும் அதே வழியா மூக்குக்குள்ள இறங்கி நேரா ரத்தத்துல கலந்துடும். மாத்திரையா இருந்தா ஈரல் வழியா போகும்போது கொஞ்சம் அழியும், இது அப்படி இல்ல. அதனாலதான் ஆஸ்துமா இருக்குறவங்க, இதயத்துடிப்புல பிளாக் இருக்குறவங்களுக்கு டிமோலால் குடுக்கவே கூடாதுன்னு சொல்றது. டார்சோலமைடு போட்ட கொஞ்ச நேரத்துல வாய் கசக்குதுன்னு அம்மா சொன்னா, மருந்து தொண்டை வரைக்கும் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

வைகைக்கரை:
ஆமாங்க, வாய் கசக்குதுன்னு அடிக்கடி சொல்லுவாங்க, பித்தம்னு இஞ்சி சாறு குடுத்துட்டு இருந்தோம். கிளம்பிட்டோம்.

கொங்கு_ராஜி:
அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா இருங்க. எங்க வீட்டுக்காரருக்கும் மூணு பாட்டில் ஓடிட்டு இருந்துச்சுங்க, ஆனா கதை வேற. பிரஷர் குறையவே இல்லைன்னு ஒண்ணு மேல ஒண்ணா சேர்த்தாங்க. கடைசியில போன எடத்துல இருந்த சிஸ்டர் "என் முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க ஐயா"ன்னாங்க. இவரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இமை மேல விட்டுட்டு விரலால தேய்க்கறாரு! இத்தனை வருஷமும் அப்படித்தான் போட்டிருக்காருங்க. மருந்து உள்ள போகவே இல்ல, போகாத மருந்துக்கு மேல இன்னொரு மருந்து. அந்த சிஸ்டர் ஒக்காந்து சொல்லிக் குடுத்தாங்க, கீழ் இமையை பை மாதிரி இழுத்துப் பிடிச்சு அதுல ஒரே ஒரு சொட்டு, கண்ணை மெதுவா மூடி மூக்கோரத்தை விரலால அழுத்திப் பிடிச்சு ரெண்டு மூணு நிமிஷம். இப்ப ஒரே பாட்டில்லயே பிரஷர் 15, 16ல நிக்குது. பாட்டில் எழுதிக் குடுத்த எந்த டாக்டரும் எப்படி போடுறீங்கன்னு கேக்கவே இல்லைங்க, எனக்கு இன்னமும் அதுதான் ஆத்தாமை.

கண்_பிஜி:
ராஜி அக்கா சொன்னதை எல்லாரும் படிக்கணும். பாட்டில்ல இருந்து விழுற ஒரு சொட்டு 30ல இருந்து 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும், கண்ணு எவ்வளவு தாங்கும்னா அதிகபட்சம் 30 கிட்ட, அதுலயும் ஏற்கனவே ஏழெட்டு கண்ணீரே இருக்கு. நிறைஞ்ச குடத்துல ஊத்துற கதைதான், ரெண்டாவது சொட்டை உடனே விட்டா முதல் சொட்டையும் கழுவிக்கிட்டு வெளிய வந்துடும். ஒவ்வொரு மருந்துக்கும் நடுவுல அஞ்சு நிமிஷமாவது விடணும். மூணு மருந்தை ரெண்டு நிமிஷத்துல போட்டா செலவு மூணு மருந்துக்கு, சைடு எஃபெக்டும் மூணு மருந்துக்கு, பலன் ஒரு மருந்துக்கு வந்தாலே பெருசு.

டாக்டர்கள் ஏன் சேர்த்துக்கிட்டே போறாங்கன்னு கேட்டா, உள்ள இருந்து பாக்குறவனா சொல்றேன். ஓபில ஒரு நாளைக்கு அவ்வளவு கூட்டம், ஒரு பேஷண்டுக்கு சில நிமிஷம்தான். பிரஷர் 22, "மருந்து ஒழுங்கா போடுறீங்களா", "போடுறேன் சார்", சரி இன்னொண்ணு சேரு. முன்னாடி போட்ட மருந்து வேலை செய்யுதான்னு பாத்து, செய்யலன்னா அதை எடுத்துட்டு வேற மாத்துறதுதான் முறை. லேட்டனோபிராஸ்ட் வகை மட்டும் பிரஷரை 25ல இருந்து 30 சதவீதத்துக்கு மேல வரை குறைக்கும், டிமோலால் 20, 25 சதவீதம், டார்சோலமைடு அதுக்கும் கீழ. இந்த சதவீதத்தையெல்லாம் கூட்டி கணக்கு போட முடியாது, மூணாவது நாலாவது பாட்டிலுக்கு கிடைக்கிறது ரொம்ப கொஞ்சம். ஆனா எடுக்குறதுக்கு டாக்டருக்கு தைரியம் வேணும், நிறுத்தி பார்வை போனா கேள்வி வரும், சேர்த்தா யாரும் கேக்க மாட்டாங்க. இது மாறணும்னு நான் உண்மையாவே நினைக்கிறேன்.

இன்னொண்ணு, பெரும்பாலான பாட்டில்ல மருந்து கெடாம இருக்க பென்சல்கோனியம் குளோரைடுன்னு ஒரு ரசாயனம் கலந்திருக்கும். அது கண்ணோட மேல்தோலை அரிக்கும், கண்ணீர் படலத்தைக் கெடுக்கும். பாட்டில் கூடக் கூட அதுவும் கூடுது, உறுத்தல் வருது, உறுத்தலுக்கு இன்னொரு பாட்டில். வைகைக்கரை அம்மாவுக்கு நாலாவது பாட்டில் வந்தது இப்படித்தான்னு எனக்குத் தோணுது. சிவப்புக்கும் இமைத் தடிப்புக்கும் பிரிமோனிடின் அலர்ஜியும் காரணமா இருக்கலாம், மாசக்கணக்கா போட்டப்புறம்கூட திடீர்னு வரும் அது. அப்புறம், வருஷக்கணக்கா இப்படி அழற்சியில இருந்த கண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன் தேவைப்பட்டா அது கைகூடுற வாய்ப்பும் குறையும்.

வல்வெட்டி_லண்டன்:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன்ல இருக்கிறன். எனக்கு போன வருசம் குளுக்கோமா எண்டு கண்டுபிடிச்சவை. சொட்டு மருந்து தருவினம் எண்டு நினைச்சுக்கொண்டு போனா, முதல்லயே லேசர் செய்யலாம் விருப்பமோ எண்டு கேட்டவை. எஸ்எல்டி எண்டு சொல்லுறவை. கதிரையில இருந்தபடியே கொஞ்ச நேரத்தில முடிஞ்சுது, நோவு எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. இப்ப ஒரு துளி மருந்தும் இல்லாமல் பிரஷர் 16. அங்க ஊரில என்ர மாமிக்கு மூண்டு போத்தல் குடுத்திருக்கினம், லேசர் எண்டு ஒரு சொல்லு ஒருத்தரும் கதைக்கேல்லை. ஏன் அங்க முதல்லயே இதைச் சொல்லுறேல்லை?

கண்_பிஜி:
நீங்க சொல்றது இங்கிலாந்துல நடந்த லைட் ட்ரையல்ங்கிற ஆய்வுக்கு அப்புறம் வந்த மாத்தம். 2019ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, 718 பேரு, பாதிப் பேருக்கு முதல்ல லேசர், பாதிப் பேருக்கு முதல்ல டிராப்ஸ். மூணு வருஷம் கழிச்சு லேசர் பண்ணவங்கள்ல 74 சதவீதம் பேருக்கு டிராப்ஸே இல்லாம பிரஷர் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சும் கிட்டத்தட்ட 70 சதவீதம். அதை வச்சு 2022ல அங்க சிகிச்சை வழிகாட்டுதல் போடுற நைஸ் அமைப்பு அதையே மாத்தி, புதுசா வர்றவங்களுக்கு முதல்ல லேசரைச் சொல்லுங்கன்னுட்டாங்க.

நம்ம ஊர்லயும் பெரிய கண் ஆஸ்பத்திரிகள்ல இந்த லேசர் இருக்கு, சின்ன ஊர் கிளினிக்ல மெஷின் இருக்காது. எல்லாருக்கும் பொருந்தாது, கண்ணோட கோணம் (கண்ணுக்குள்ள இருக்கிற நீர் வடியுற இடம்) திறந்திருக்கணும், பலன் சில வருஷத்துல குறையவும் செய்யும். நம்ம பக்கம் கோணம் மூடுற வகையும் கணிசம், அதுக்கு வைத்தியமே வேற, கருவிழிக்குப் பின்னாடி இருக்கிற படலத்துல லேசர்ல சின்னத் துளை போடுறது, சில பேருக்கு புரை ஆபரேஷனே தீர்வு. எந்த வகைன்னு தெரிய கோனியோஸ்கோப்பின்னு கண்ணுல ஒரு சின்ன கண்ணாடி வச்சுப் பாக்கணும். அதைப் பாக்காமலே வருஷக்கணக்கா டிராப்ஸ் போடுறவங்க நிறைய பேரு. அம்மாவுக்கு அதை எப்பவாவது பண்ணாங்களான்னு ஃபைல்ல பாருங்க வைகைக்கரை.

மலைக்கோட்டை:
இப்ப எழுதுறேன். எங்கப்பாவுக்கு பிரஷர் இருக்குன்னு டிராப்ஸ் குடுத்தாங்க, ஒரு கண்ணுல கொஞ்சம் நரம்பு பாதிப்பு. அவருக்கு கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது, வலி இல்ல ஒண்ணும் இல்ல, "நல்லா இருக்கிற கண்ணுக்கு எதுக்கு மருந்து, இவனுங்க காசு புடுங்குறானுங்க"ன்னு நிறுத்திட்டாரு. நாங்களும் இதே மாதிரி எங்கயோ "தேவையில்லாம மருந்து எழுதுறாங்க"ன்னு படிச்சுட்டு அவரைக் கட்டாயப்படுத்தல. ஓரத்துல இருந்து பார்வை சுருங்கிக்கிட்டே வந்துச்சு, அவருக்கே தெரியல. வண்டியில போகும்போது பக்கவாட்டுல வந்த ஆட்டோவை பாக்கல, அப்பதான் கூட்டிட்டுப் போனோம். போனது போனதுதான், திரும்ப வராதுன்னுட்டாங்க. சர்வே எடுத்தப்ப தமிழ்நாட்டு கிராமங்கள்ல குளுக்கோமா இருந்தவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல தனக்கு இருக்குன்னே தெரியாதவங்கன்னு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆய்வுலயே வந்திருக்கு. நம்ம ஊருக்கு மருந்து ஜாஸ்திங்கறது பிரச்சனையா, மருந்தே போய்ச் சேராதது பிரச்சனையா? இந்த இழையைப் படிச்சுட்டு ஒருத்தர் பாட்டிலைத் தூக்கிப் போட்டாலும் பாவம்தான்.

மெடிக்கல்ஸ்_அண்ணாச்சி:
ரெண்டும் உண்மைதான் தம்பி. தேவைப்படுறவருக்கு ஒரு பாட்டில்கூட இல்ல, தேவையில்லாதவருக்கு நாலு. நாலு பாட்டில் வாங்க மாசா மாசம் முடியாமத்தான் பாதிப் பேரு ஒரேயடியா நிறுத்திடுறாங்க, நான் கல்லாவுல உக்காந்து பாக்குறது அதுதான். "அண்ணாச்சி இந்த மாசம் ரெண்டு மட்டும் குடுங்க"ன்னு வருவாங்க. எந்த ரெண்டுன்னு அவங்களுக்கும் தெரியாது, விலை கம்மியா இருக்கிற ரெண்டை எடுத்துட்டுப் போவாங்க. முக்கியமான மருந்து அதுல விட்டுப் போகும். டாக்டர் கம்மியா, அவசியமானதை மட்டும் எழுதுனா அந்தப் பாட்டிலாவது ஒழுங்கா உள்ள போகும்.

நெல்லைச்சீமை_ஆசிரியர்:
என் விஷயமும் இதோட சேர்ந்தது. எனக்கு பிரஷர் 24, ரெண்டு கண்ணுலயும். ஃபீல்டு டெஸ்ட் (ஓரம் வரைக்கும் பார்வை தெரியுதான்னு பாக்குறது) நார்மல், ஓசிடின்னு கண்ணுக்கு எடுக்குற ஸ்கேன்ல நரம்பு நார்மல். ஆனா ஒரே ஒரு தடவை பாத்துட்டு வாழ்நாள் முழுக்க போடணும்னு டிராப்ஸ் எழுதிட்டாங்க. வேற டாக்டர்கிட்ட போனேன், அவர் கருவிழியோட தடிமனை அளந்தார், 600 மைக்ரான். சராசரி 540 கிட்டதானாம், தடிமனா இருந்தா மெஷின் பிரஷரைக் கூட்டிக் காட்டுமாம். வேற வேற நேரத்துல ரெண்டு மூணு தடவை பாத்துட்டு, மருந்து வேணாம், வருஷா வருஷம் கண்டிப்பா வாங்கன்னுட்டார். அவர் எனக்கு ஒரு அமெரிக்க ஆய்வைப் பத்திச் சொன்னார். நரம்பு நல்லா இருந்து பிரஷர் மட்டும் ஒரு கண்ணுலயாவது 24ல இருந்து 32 வரை இருக்கிற 1,636 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு டிராப்ஸ், பாதிப் பேருக்கு ஒண்ணும் இல்ல. 2002ல முடிவு வந்துச்சு, அஞ்சு வருஷத்துல டிராப்ஸ் போடாதவங்கள்ல 9.5 சதவீதம் பேருக்கு குளுக்கோமா வந்துச்சு, போட்டவங்கள்ல 4.4. அதாவது மருந்து பலன் குடுக்குது, ஆனா போடாத நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு அஞ்சு வருஷத்துல ஒண்ணும் ஆகல. கருவிழி மெல்லிசா இருந்தவங்களுக்குத்தான் ரிஸ்க் பல மடங்கு.

மலைக்கோட்டை:
சார், அந்த ஆய்வை இருபது வருஷம் வரை தொடர்ந்து பாத்திருக்காங்க, 46 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கண்ணுலயாவது வந்துச்சு. அஞ்சு வருஷக் கணக்கை மட்டும் சொல்லாதீங்க.

நெல்லைச்சீமை_ஆசிரியர்:
சரிதான், அதையும் டாக்டர் சொன்னார், அதனாலதான் வருஷா வருஷம் வரச் சொன்னதே. ஃபீல்டு டெஸ்ட்ல நிஜமா பார்வை குறைஞ்சது ஆய்வுல இருந்த மொத்தப் பேர்ல கால்வாசிப் பேருக்கு. மருந்து வேணாம்னா செக்கப்பும் வேணாம்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. நான் கேக்குறது, அளக்க வேண்டியதை அளந்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான். கருவிழி தடிமன் பாக்க சில நிமிஷம் போதும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் பதில் போட லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போனோம். ஈசிஜில துடிப்பு மெதுவா இருக்குன்னு சொல்லி ஒரு நாள் வச்சுப் பாத்தாங்க. டிமோலால் இருக்கிற ரெண்டு பாட்டிலையும் உடனே நிறுத்திட்டாங்க, பிபி மாத்திரையும் வேற வகைக்கு மாத்தினாங்க. பல்ஸ் இப்ப 68. தலைசுத்தல் இல்ல. நேத்து அம்மா தானா மாடிக்குப் போய் துணி காயப் போட்டாங்க, பாத்துட்டு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அண்ணாச்சிக்கும் பிஜி டாக்டருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

அப்புறம் குளுக்கோமாவுக்குன்னே தனியா பாக்குற டாக்டர்கிட்ட போனோம். பழைய ஃபைல் எல்லாத்தையும் வருஷ வாரியா அடுக்கி வச்சு பொறுமையா பாத்தாங்க. கோனியோஸ்கோப்பி இதுவரைக்கும் ஒரு தடவைகூட பண்ணலையாம். பண்ணாங்க, கோணம் திறந்துதான் இருக்கு. வலது கண்ணுல ஓரத்துல கொஞ்சம் பாதிப்பு உண்மை, இடது கண்ணுல ஒண்ணும் இல்ல. மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் எவ்வளவுன்னு கேட்டாங்க, முதல் சீட்டு தங்கச்சிகிட்ட இருந்துச்சு, போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தோம், 27. "உங்க அம்மாவுக்கு 18க்குக் கீழ இருந்தா போதும், அதுதான் இலக்கு"ன்னு சீட்டு மேலயே எழுதிக் குடுத்தாங்க. இத்தனை வருஷத்துல எவ்வளவுக்குக் குறைக்கணும்னு ஒரு நம்பர் யாரும் சொன்னதே இல்ல.

பிரிமோனிடின் அலர்ஜிதான்னு உறுதியா சொன்னாங்க, நல்லவேளை அதுவும் அந்தப் பாட்டிலோட போயிடுச்சு. இப்ப ராத்திரி ஒரு லேட்டனோபிராஸ்ட் மட்டும், அதுவும் பென்சல்கோனியம் கலக்காதது. ஆறு வாரம் கழிச்சு பிரஷர் பாத்துட்டு, இலக்குக்கு மேல இருந்தா லேசர் பண்ணலாம், இன்னொரு பாட்டிலுக்கு அவசரப்பட வேணாம்னாங்க. இப்ப நான் பக்கத்துல உக்காந்து போட்டு விடுறேன், மூக்கோரத்தை அம்மாவே பிடிச்சுக்கிறாங்க. கண்ணு சிவப்பு பாதி போயிடுச்சு.

கண்_பிஜி:
ரொம்ப சந்தோஷம். அந்த முதல் சீட்டை லேமினேட் பண்ணி வச்சுக்கோங்க, ஆரம்பப் பிரஷர் தெரியாம மருந்து வேலை செய்யுதான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. லேட்டனோபிராஸ்ட் பாட்டில் பிரிக்கிற வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைக்கணுமா வெளிய வைக்கலாமான்னு அட்டையில பாருங்க, நம்ம ஊர் வெயிலுக்கு பிரிச்சதையும் ஃபிரிட்ஜ் கதவுலயே வச்சுக்கலாம், ஃப்ரீசர்ல வேணாம். எத்தனை நாள்ல தூக்கிப் போடணும்னும் அதுலயே இருக்கும்.

கொங்கு_ராஜி:
படிச்சு மனசு குளுந்து போச்சுங்க.

பாலாறு_தந்தை:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், படிச்சதுல இருந்து ஒரு பயம். என் பையனுக்கு ஒன்பது வயசு, வெயில் காலம் வந்தா கண்ணு அரிப்பு, சிவந்துடும். போன வருஷம் ஒரு டாக்டர் குடுத்த டிராப்ஸ் போட்டா உடனே சரியாகுது, அதனால தீர்ந்தா பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிக்கிறோம், சீட்டு எதுவும் கேக்க மாட்டாங்க. பிரெட்னிசோலோன்னு போட்டிருக்கு. இதுல ஏதும் பிரச்சனை உண்டா?

மெடிக்கல்ஸ்_அண்ணாச்சி:
அது ஸ்டீராய்டு தம்பி. சீட்டு இல்லாம எந்தக் கடையிலயும் அதைக் குடுக்கவே கூடாது. இனிமே வாங்காதீங்க.

கண்_பிஜி:
ஸ்டீராய்டு டிராப்ஸ் சில பேருக்கு கண் பிரஷரை சத்தமில்லாம ஏத்திடும், குழந்தைங்களுக்கு இன்னும் வேகமா ஏறும். அரிப்பு அடங்கிடுறதால வீட்ல நல்லா இருக்குன்னு நினைப்பாங்க, உள்ள நரம்பு போய்க்கிட்டு இருக்கும். இந்த வாரத்துக்குள்ள கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், எவ்வளவு நாளா எத்தனை தடவை போடுறோம்னு மறைக்காம சொல்லி, பிரஷரும் நரம்பும் பாக்கச் சொல்லுங்க. அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்து இருக்கு, அவங்க மாத்திக் குடுப்பாங்க.

மலைக்கோட்டை:
வாரம் எல்லாம் தள்ளாதீங்க சார், நாளைக்கே போங்க.

பாலாறு_தந்தை:
நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன், காலையில முதல் ஆளா போறோம். பிரஷர் எவ்வளவுன்னு வந்து எழுதுறேன்.